சரத்தைத் திருப்புவது: ஒரு வரி நிரலும் அதற்குள் இருக்கும் எழுத்துக் கணக்கும்

கோயம்புத்தூர், பெருந்துறை, திருச்செங்கோடு என்று நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் எந்த முதலாண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும், பயிற்சி ஏட்டின் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு கணக்கு தவறாமல் இருக்கும்: கொடுத்த சரத்தைத் திருப்பி அச்சிடுக. சரம் என்பது எழுத்துகளின் தொடர்; மாணவர்கள் இந்தக் கணக்கை 'ஸ்ட்ரிங் ரிவர்ஸ்' என்பார்கள். உள்ளீடாக ஒரு சொல் வரும், அதன் கடைசி எழுத்து முதலாவதாகவும் முதல் எழுத்து கடைசியாகவும் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். பைத்தான் என்ற நிரல்மொழியில் இது ஒரே வரியில் முடிந்துவிடுவதால், வாய்வழித் தேர்வில் இதைக் கேட்பவரும் பதில் சொல்பவரும் அரை நிமிடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியை ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாகத் தமிழ்ச் சொல்லொன்றில் ஓட்டிப் பார்த்தால், 'எழுத்து' என்று நாம் சொல்வதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல என்பது உடனே தெரிந்துவிடுகிறது. திருப்பும் வழி எது என்பதைவிட, எதை அலகாகக் கொண்டு திருப்புவது என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம் என்பது என் கருத்து. அதற்கு ஒரே விடை கிடையாது என்பதையும் கீழே காட்ட முயல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். திருப்புதல் என்றதும் சிலருக்குக் கண்ணாடி பிம்பம் நினைவுக்கு வருகிறது. திருப்பூரில் பனியன் துணிக்கு டிரான்ஸ்ஃபர் முறையில் அச்சுப் போடும்போது, தாளில் எழுத்துகளை இடவலமாக மாற்றி அச்சிட்டு, அதைத் துணியின் மேல் கவிழ்த்துச் சூடேற்றுவார்கள்; அங்கே ஒவ்வொரு எழுத்தின் உருவமே புரண்டுவிடும். சரத்தைத் திருப்பும்போது உருவம் மாறுவதில்லை, வரிசை மட்டுமே மாறுகிறது. க என்பது க ஆகவே இருக்கும், அது நிற்கும் இடம்தான் வேறு.

பைத்தான் 1991இல் வெளிவந்த மொழி. 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் சரங்கள் எல்லாம், உலக மொழிகளின் எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடாக மாறின. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் வழி பிறந்தது. ஆகவே பின்வரும் இரண்டு வரிகளும் அப்படியே ஓடக்கூடிய பைத்தான் நிரல்கள்தான்:

சொல் = "சரவண"
சொல்[::-1]

விடை 'ணவரச' என்று வரும். சதுர அடைப்புக்குள் இருக்கும் மூன்று இடங்களும் தொடக்கம், முடிவு, அடி வைக்கும் அளவு ஆகியவற்றைக் குறிப்பவை. அடி -1 என்றால் பின்னோக்கி ஒவ்வொன்றாக வா என்று பொருள். தொடக்கத்தையும் முடிவையும் வெறுமையாக விட்டால், அடி எதிர்க்குறியாக இருப்பதைப் பார்த்துப் பைத்தான் தானாகவே கடைசியிலிருந்து தொடங்கி, முதலாவதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நிற்கும். சரங்களுக்கும் பட்டியல்களுக்கும் இப்படி அடி கொடுத்துத் துண்டு எடுக்கும் வசதி 2003இல் வந்த 2.3 பதிப்பில் சேர்ந்தது.

வெறுமையாக விடாமல் தாமே எண்களை எழுத முற்படுகிறவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். சரவண என்பதில் ச 0, ர 1, வ 2, ண 3 என்று இடஎண்கள் அமைகின்றன. சொல்[3:0:-1] என்று எழுதினால் 'ணவர' மட்டுமே கிடைக்கும், ஏனெனில் முடிவாகக் கொடுத்த இடம் துண்டில் சேராது. சரி, 0க்கு முந்தியது -1 தானே என்று சொல்[3:-1:-1] என எழுதினால் வெற்றுச் சரம் வருகிறது. பைத்தானில் -1 என்ற இடஎண் கடைசி எழுத்தைக் குறிக்கும். ஆகவே இது மூன்றாம் இடத்தில் தொடங்கி மூன்றாம் இடத்துக்கு முன்பே நில் என்ற கட்டளையாகிவிடுகிறது. தொடங்குவதற்குள் முடிந்துபோகும் இந்தப் பயணத்தைப் பலகையில் எழுதிக் காட்டாமல் வாயால் விளக்குவது கடினம்.

பட்டியலுக்குத் தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும் 'ரிவர்ஸ்' என்ற செயல்கூறு (ஒரு வேலையைச் செய்து தரும் ஆயத்த நிரல்துண்டு) இருக்கிறது, சரத்துக்கு மட்டும் ஏன் இல்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பைத்தானில் சரம் ஒருமுறை உருவானபின் மாறாதது. அதன் உள்ளே இருப்பதை இடம் மாற்ற முடியாது, மாற்றிய புதுச் சரம் ஒன்றைத்தான் உண்டாக்க முடியும். அதனால்தான் துண்டெடுத்தல், அல்லது 2004இல் வந்த 2.4 பதிப்பின் 'ரிவர்ஸ்டு' செயல்கூறு கொடுப்பவற்றை 'ஜாயின்' மூலம் ஒட்டுதல் என்ற இரண்டு வழிகளும் புதுச் சரத்தையே தருகின்றன. வெற்றுச் சரத்தில் தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து முன்னால் ஒட்டிக்கொண்டே போகும் மூன்றாவது வழி கற்பதற்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதுச் சரம் உருவாவதால், கோட்பாட்டளவில் சரத்தின் நீளம் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். தன்னையே அழைக்கும் சுழல்முறையில் எழுதுவது அழகாக இருக்கும், ஆயினும் பைத்தான் வழக்கமாக 1000 அழைப்பு ஆழத்துக்கு மேல் விடாது. எனவே நீண்ட பத்தி ஒன்றைக் கொடுத்தால் நிரல் பாதியில் நின்றுவிடும்.

மற்ற தொடக்கநிலை மொழிகளில் கதை சற்றே வேறு. 1964இல் டார்ட்மவுத்தில் பிறந்த பேசிக் வழிவந்த மொழிகளில் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வெட்டி ஒட்டுவதே பழக்கம். 1967இல் தொடங்கிய லோகோவில் கடைசி எழுத்தையும், அதை நீக்கிய மீதியையும் தரும் சொற்கள் இருப்பதால் சுழல்முறை இயல்பாக வரும். 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச்சில் திருப்புவதற்கென்று தனிக் கட்டை இல்லை. 'இத்தனையாவது எழுத்து', 'நீளம்', 'இணை' ஆகிய மூன்று கட்டைகளைக் கொண்டு குழந்தைகளே கட்டிக்கொள்ள வேண்டும். சி மொழிப் பாடத்தில் டர்போ சி காலத்திலிருந்து வரும் 'எஸ்டிஆர்ரெவ்' என்ற செயல்கூறு இன்னும் குறிப்பேடுகளில் உலவுகிறது. அது சி மொழியின் தரத்தில் இல்லாதது. ஆய்வகத்தில் ஓடிய நிரல் வீட்டில் லினக்ஸ் கணினியில் ஓடாமல் போவதற்கு அதுவே காரணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். சரவண என்பதில் எல்லாம் அகரம் ஏறிய எழுத்துகள் என்பதால் எந்தச் சிக்கலும் தலைகாட்டவில்லை. அதையே சற்று நீட்டிக் கோவையின் கணினி நிறுவனங்கள் நிறைந்த பகுதியின் பெயரான சரவணம்பட்டி என்பதைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ்க் கணக்கில் அதில் ச, ர, வ, ண, ம், ப, ட், டி என எட்டு எழுத்துகள். பைத்தானிடம் நீளம் கேட்டால் 11 என்கிறது. திருப்பச் சொன்னால் கிடைப்பது இது:

ிட்டப்மணவரச

முதலில் ஒட்டுவதற்கு மெய்யில்லாமல் ஓர் இகரக்குறி புள்ளிவட்டத்தோடு அந்தரத்தில் நிற்கிறது. ம் என்பதன் புள்ளி ம-வை விட்டுவிட்டு ப-வின் மேல் ஏறிக்கொண்டு ப் ஆகியிருக்கிறது. ட்டி என்பது ட்ட ஆகிவிட்டது. நாம் எதிர்பார்த்ததோ 'டிட்பம்ணவரச'. பொருளற்ற சொல்தான் என்றாலும் எட்டு எழுத்தும் கலையாமல் வரிசை மட்டும் மாறிய சரம் அது.

இப்படி நடப்பதன் காரணம் தமிழை யூனிகோடு சேமிக்கும் முறையில் இருக்கிறது. தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டு, அவற்றில் 72 மட்டுமே பயன்படுத்தப்பட்டுள்ளன. நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிர்கள், ஆய்தம், அகரம் ஏறிய உயிர்மெய்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு குறியெண்ணும் (யூனிகோடு தரும் எண்), கால், கொம்பு, கொக்கி போன்ற உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனிக் குறியெண்களும் உண்டு. டி என்பது ட-வுக்குரிய 2975, இகரக்குறிக்குரிய 3007 என்ற இரண்டு எண்கள். ம் என்பதும் இரண்டே: ம, அதன்பின் புள்ளிக்குரிய 3021. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே சட்டகம் என்ற எண்ணத்தில் 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்ற குறியேற்றத்தை, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையை, அடியொற்றியே 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு இந்திய எழுத்துகளை அடுக்கியது. அந்த அமைப்புத்தான் இன்றுவரை தொடர்கிறது. பைத்தானின் திருப்பும் வரி இந்தக் குறியெண்களை ஒவ்வொன்றாகத் திருப்புகிறதே தவிர, எது எதோடு ஒட்டியது என்று பார்ப்பதில்லை. குறியானது தன் மெய்க்குப் பின்னால் நின்றது. திருப்பியதும் மெய்க்கு முன்னால் வந்து, அதற்கும் முன்னால் இருக்கும் வேறோர் எழுத்தின் மேல் தொற்றிக்கொள்கிறது.

சி மொழியின் பழைய செயல்கூறுகள் இதைவிட ஒரு படி கீழே இறங்கி, கணினிச் சேமிப்பின் சிற்றலகான பைட்டுகளைத் திருப்புகின்றன. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; சரவணம்பட்டிக்கு 33 பைட்டுகள். ச என்பது 224, 174, 154 என்ற வரிசையில் இருக்கும். அதைத் திருப்பினால் 154 முதலில் வரும். 128 முதல் 191 வரையுள்ள பைட்டு எதுவும் ஓர் எழுத்தைத் தொடங்கக் கூடாது என்பது அந்த முறையின் விதி. ஆகவே அங்கே கிடைப்பது தப்பும் தவறுமான தமிழ்கூட இல்லை, எழுத்தாகவே கொள்ள முடியாத பைட்டுக் குவியல்; திரையில் கேள்விக்குறிகளோ கட்டங்களோதான் தெரியும். ஒரே சொல்லுக்கு 33, 11, 8 என்று மூன்று நீளங்கள் இருப்பதை முதல் வகுப்பிலேயே காட்டிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் இம்மூன்றும் எப்போதும் ஒரே எண்ணாக இருந்து, மாணவரின் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

கொங்கு என்ற சொல்லில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கண்ணுக்குக் கொம்பு க-வின் இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் தெரிந்தாலும், சேமிப்பில் க முதலில் வரும், ஒகரக்குறி அடுத்து வரும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் சொல்லும் முறைக்கு இது பொருந்தியே இருக்கிறது. யூனிகோடுக்கு முன்பு புழக்கத்தில் இருந்த திஸ்கி போன்ற குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று சேமித்தன. ஆனால் யூனிகோடிலும் அந்த ஒகரக்குறியை இரண்டு விதமாக எழுத இடம் இருக்கிறது: 3018 என்ற ஒரே எண்ணாக எழுதலாம், அல்லது கொம்புக்குரிய 3014, காலுக்குரிய 3006 என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். எனினும் பைத்தான் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து வேறு வேறு என்று சொல்லும். கொங்குவின் நீளம் ஒன்றில் 6, மற்றதில் 7. திருப்பினால் முதலாவதில் 'ுக்ஙொக' என்றும், இரண்டாவதில் கால் ங-வோடு சேர்ந்து ஙா ஆகிக் கொம்பு அனாதையாகவும் நிற்கும். இதைச் சமன்செய்ய, பைத்தானோடு வரும் 'யூனிகோடுடேட்டா' நூலகத்தின் 'நார்மலைஸ்' செயல்கூற்றில் எந்த வேலைக்கும் முன்பு சரத்தைப் போட்டு எடுத்துவிட வேண்டும். வெவ்வேறு இடங்களிலிருந்து திரட்டிய தமிழ்க் கோப்புகளைக் கையாளும் எவரும் இதைத் தவிர்க்க முடியாது. ஔகாரக்குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டுகிறவர்கள் உண்டாக்கும் சிக்கலை இப்படிச் சமன்செய்வதும் தீர்க்காது என்பது வேறு கதை. அங்கே சேமிக்கப்பட்டிருப்பது உண்மையிலேயே வேறு சொல்.

எழுத்தாகத் திருப்புவதற்கான வழி எளிமையானதுதான். சரத்தை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வர வேண்டும். வருவது உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால், அதைக் கைவசம் இருக்கும் கடைசி எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும் புது எழுத்தாகத் தொடங்க வேண்டும். சொல் முடிந்ததும் கிடைக்கும் பட்டியலைத் திருப்பி ஒட்டினால் வேலை முடிந்தது. தமிழுக்கு மட்டும் என்றால் 3006 முதல் 3021 வரையிலும், அதோடு 3031-உம் ஒட்டும் குறிகள் என்று கொண்டாலே போதும்.

பொதுவாக எழுதுகிறேன் என்று ஆங்கிலப் பாடக்குறிப்புகளில் காணும் 'கம்பைனிங்' சோதனையை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அந்தச் செயல்கூறு ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளுக்குச் சுழியமல்லாத எண்ணைத் தருவதால், அது சுழியமா என்று பார்த்தால் போதும் என்று அக்குறிப்புகள் சொல்கின்றன. தமிழ்ப் புள்ளிக்கு அது 9 தருகிறது. ஆனால் தமிழ் உயிர்க்குறிகள் அனைத்துக்கும் தருவது 0. ஆகவே அந்த நிரல் ம், ட் ஆகியவற்றைச் சரியாகக் காப்பாற்றிவிட்டு, டி-யைப் பிய்த்துப் போட்டுவிடும். சோதித்துப் பார்த்த சொல்லில் உயிர்க்குறி இல்லாவிட்டால் நிரல் சரி என்றே தோன்றும். 'கம்பைனிங்' என்பதற்குப் பதிலாக 'கேட்டகரி' என்ற செயல்கூற்றைக் கேட்டு, அதன் விடை எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பான சோதனை. உயிர்க்குறிகளும் புள்ளியும் அதில் அடங்கிவிடும்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய, தமிழ்க் குறிச்சொற்களாலேயே எழுதக்கூடிய எழில் மொழியில், பிரித்து வைத்த எழுத்துகளைத் திருப்பும் பகுதி இப்படி அமையும்:

எழுத்துகள் = ["ச", "ர", "வ", "ண", "ம்", "ப", "ட்", "டி"]
விடை = ""
@( எழுத்துகள் இல் ஓரெழுத்து ) ஒவ்வொன்றாக
    விடை = ஓரெழுத்து + விடை
முடி
பதிப்பி விடை

ஒவ்வோர் எழுத்தையும் விடையின் பின்னால் ஒட்டாமல் முன்னால் ஒட்டுவதில்தான் திருப்பம் நிகழ்கிறது. நான்காவது வரியில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதினால் சொல் திரும்பாமல் அப்படியே வரும். ஆங்கிலக் குறிச்சொற்களைக் கண்டு தயங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னாலே சுழற்சி என்பது என்னவென்று பிடிபட்டுவிடும். எழுத்தாகப் பிரிக்கும் வேலையைக் கையால் செய்ய விரும்பாதவர்களுக்கு, அதே முயற்சியோடு தொடர்புடைய ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகம் எழுத்துகளைப் பிரிக்கவும் சொல்லைத் திருப்பவும் ஆயத்தச் செயல்கூறுகளைத் தருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே சரத்தின் அலகு குறியெண் அல்ல, வாசகர் ஓர் எழுத்தாகக் காணும் தொகுப்பு. டி என்பது அங்கே ஒன்றுதான்.

அலகு எது என்ற கேள்விக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுளை மாலைமாற்று என்று வகைப்படுத்தித் தண்டியலங்காரம் இலக்கணம் சொல்கிறது. திருஞானசம்பந்தர் சீர்காழியின் மேல் அப்படியொரு பதிகமே பாடியிருக்கிறார். அவற்றிலெல்லாம் அலகு எழுத்து. பேச்சிலும் விகடகவி, தேரு வருதே, மாலா போலாமா என்றெல்லாம் சிறுவர்கள் விளையாடுவது எழுத்தை வைத்துத்தான். ஆனால் சொல்லும் அதன் திருப்பமும் சமமா என்று பைத்தானின் ஒற்றை வரியால் சோதித்தால், விகடகவிக்கு 'இல்லை' என்ற விடை வரும், ஏனெனில் கடைசி இகரக்குறி முதலில் வந்து நிற்கிறது. தாத்தாவும் பாப்பாவும்கூட அந்தச் சோதனையில் தோற்றுப்போகும். ஆங்கிலத்தில் தேறிய அதே நிரல் தமிழில் தாத்தாவைத் திருப்பத் தெரியாமல் நிற்பதை வகுப்பில் காட்டினால், குறியேற்றத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்ற வேண்டிய தேவை இருக்காது.

குறியெண்ணும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் இந்தப் பாடே இல்லையே என்று நினைப்பது இயல்பு. அப்படி ஒரு குறியேற்றமும் இருக்கிறது. டேஸ் 16 எனப்படும் அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் மெய்க்கும் தனி 16 பிட் எண் உண்டு. சரவணம்பட்டி அதில் எட்டே எண்கள். குருட்டாம்போக்கில் திருப்பினாலும் எழுத்து கலையாது. உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கோவை கொடிசியா வளாகத்தில் நடந்த 2010ஆம் ஆண்டில், தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது. எனினும் அது, எந்தப் பொது எழுத்துக்கும் ஒதுக்காமல் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது; அதற்கான எழுத்துருவும் மென்பொருளும் இல்லாத கைப்பேசியில் அந்தக் கோப்பு வெறும் கட்டங்களாகவே தெரியும். அதனால் பொதுப் புழக்கம் யூனிகோடிலேயே நிலைத்துவிட்டது. எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. திருப்புவது போன்ற ஒரு வேலைக்காகச் சேமிப்பு முறையையே மாற்றுவதைவிட, பத்து வரியில் எழுத்துப் பிரிக்கும் செயல்கூறு எழுதிக்கொள்வது சுலபம். அதோடு, அடுத்து வரும் எடுத்துக்காட்டில் காணப்போவதுபோல, எழுத்தைவிடச் சிறிய அலகே உதவும் இடங்களும் இருக்கின்றன.

சரத்தைத் திருப்புவதால் வாழ்க்கையில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்ப்பெயர்களே விடை. கணினியின் வரிசைப்படுத்தும் கட்டளை சொல்லின் தொடக்கத்தைப் பார்த்துத்தான் அடுக்கும். ஆனால் கொங்கு நாட்டு ஊர்ப்பெயர்களை வகைபிரிக்க விரும்புகிறவருக்கு வேண்டியது முடிவு. மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம், பெரியநாயக்கன்பாளையம், குமாரபாளையம் ஆகியவை ஓரிடத்திலும், சென்னிமலை, சிவன்மலை, மருதமலை, ஆனைமலை ஆகியவை வேறோரிடத்திலும், தாராபுரமும் ராசிபுரமும் இன்னோரிடத்திலும் சேர வேண்டும். பெயர்களை எல்லாம் திருப்பி, வரிசைப்படுத்தி, மறுபடி திருப்பிவிட்டால் அது நடந்துவிடுகிறது. அடிகளின் முடிவு ஒத்துவரும் இயைபுத் தொடை தேடுகிறவர்களுக்கும் இதே தந்திரம் உதவும்.

இங்கே எந்த அலகில் திருப்புவது? சரியான தமிழ் எழுத்தில் என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். கரூர், திருப்பூர், சூலூர், மோகனூர், மேட்டூர், ஆத்தூர் ஆகிய பெயர்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம். எழுத்தாகத் திருப்பினால் எல்லாவற்றுக்கும் முதலில் வருவது ர்; அடுத்து வருபவை ரூ, பூ, லூ, னூ, டூ, தூ என்று ஒவ்வொன்றும் வேறு. எல்லோருக்கும் பொதுவான முடிவு ர் மட்டுமே என்று நிரல் முடிவு செய்யும். அந்தக் கணக்கில் பவானிசாகரும் இவற்றோடு சேர்ந்துவிடும். மாறாக, நாம் தவறு என்று ஒதுக்கிய குறியெண் திருப்பத்தில், ஆறு பெயர்களும் புள்ளி, ர, ஊகாரக்குறி என்ற ஒரே மூன்று எண்களோடு தொடங்கி ஒன்றாகக் கூடி நிற்கும். பவானிசாகர் வெளியே நிற்கும். ஈரோடு, வெள்ளோடு, திருச்செங்கோடு ஆகியவையும் அப்படித்தான்: எழுத்தில் ரோ, ளோ, கோ என்று பிரிந்துபோகும் இவை, குறியெண்ணில் உகரக்குறி, ட, ஓகாரக்குறி என்று ஒன்றுகூடும். பெயர்க்காரணம் இம்மூன்றுக்கும் ஒன்றா என்பதை ஆராய்வது நிரலின் வேலை அல்ல; ஒலியில் ஒத்தவற்றை அருகருகே கொண்டுவந்து வைப்பதோடு அதன் வேலை முடிகிறது.

நிலைமொழி இறுதி மெய்யோடு வருமொழி முதல் உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகிவிடுவதே இதற்குக் காரணம். சூல் என்பதும் ஊர் என்பதும் சேருமிடம் லூ என்ற எழுத்தின் நடுவே விழுகிறது. எழுத்தை உடைக்க மறுக்கிற நிரலால் அந்த மூட்டைக் காண முடியாது. குறியெண் திருப்பத்தின் வெளியீடு திரையில் கோரமாகத் தெரியுமே என்றால், அதை யாரும் படிக்கப் போவதில்லை. வரிசைப்படுத்தும் வரை மட்டுமே இருந்து, மறுபடி திருப்பியதும் பழைய சொல்லாகிவிடும் இடைச் சரம் அது. இரண்டு முறை திருப்பினால் எந்த அலகிலும் முதற்சொல்லே திரும்பக் கிடைக்கும். இதில் ஒரே குறை, ஊர் என்று தனியாக நிற்கும் சொல்லில் இருப்பது ஊ என்ற முழு உயிர், ஊகாரக்குறி அல்ல. அதனால் அது சூலூரோடு சேராது. அதையும் சேர்க்க வேண்டுமானால் ஒவ்வோர் உயிர்மெய்யையும் மெய்யும் உயிருமாகப் பிரித்து, லூ என்பதை ல், ஊ என்றாக்கி, அதன்பின் திருப்ப வேண்டும். அது மூன்றாவது அலகு, பேச்சொலியின் அடிப்படை அலகான ஒலியனுக்கு மிக நெருங்கியது.

க்ஷ வரும் சொற்களில் எந்த அலகைக் கொண்டாலும் எழுதுபவர்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அது க், ஷ என்ற இரண்டின் கூட்டா, ஒரே எழுத்தா என்பதில் யூனிகோடின் பொதுவிதி இரண்டு என்கிறது. நெடுங்கணக்கின் கடைசியில் க்ஷ-வைத் தனியாக எழுதிப் படித்தவர்கள் ஒன்று என்பார்கள். மா, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தபோது வேறொரு பகுதியில் வைக்கப்பட்டன. ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்தக் குறி ஒவ்வொன்றும் இரண்டு அலகாகச் சேமிக்கப்படுவதால், அங்கே வழக்கமான திருப்பும் முறை அவற்றையும் உடைத்துவிடும். நிலக்கணக்குப் பழஞ்சுவடிகளை உள்ளிடுகிறவர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல.

ஊர்ப்பெயர்ப் பட்டியலை இப்படி அடுக்கியபின் குழுக்கள் சரியாக அமைந்தாலும், குழுக்களின் வரிசை அகராதி வரிசையாக இருக்காது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்தது ன, அதன்பின்தான் ப. ர-வுக்கு அடுத்தது ற. ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையே ஜ. எனவே மோகனூர் திருப்பூருக்கு முன்பாக வந்துவிடும். அகரவரிசையும் வேண்டும் என்றால், திருப்பிய சரங்களை ஒப்பிடும்போது குறியெண்ணைப் பார்க்காமல் நெடுங்கணக்கில் எழுத்துக்குள்ள இடத்தைப் பார்க்கும்படி ஒப்பீட்டுச் செயல்கூறு ஒன்றை வரிசைப்படுத்தும் கட்டளைக்குத் தனியே கொடுக்க வேண்டும். ஓப்பன் தமிழ் நூலகத்தில் அதுவும் ஆயத்தமாக இருக்கிறது.